கரைந்த கோபுரம்

சித்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இங்கிலாந்து தொங்கியது. மிஷனில் வேலை பார்த்த வெள்ளைக்காரி ஒருத்தி ஊர் திரும்பும்போது தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன நீர்வண்ணப் படம். மழைக்கு முந்தைய கருநீல வானம், ஓர் ஆறு, கரையில் கூரிய கோபுரத்தோடு ஒரு பழைய பேராலயம். பக்கத்து வீட்டுச் சாமி படங்களை விக்கிரகம் என்று ஏசும் என் அப்பா, நைனா, இதன் கீழேதான் முழங்கால் போட்டு ஜெபிப்பார். இது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

தொண்ணூறுகளின் கடைசியில் தெருவுக்கு ஒருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். நர்ஸான அம்மாவுக்கும் படத்திலிருந்த நாட்டிலிருந்தே வேலை வந்தது. நைனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சூட்கேஸ் வாங்கி வந்தார். அதைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. எங்கள் சபைக்காரர்கள் பெண் கொடுப்பதற்கும் எருமை வாங்குவதற்கும்கூட ஆண்டவரிடம் அடையாளம் கேட்பவர்கள். வேண்டாமென்றால் சனிக்கிழமைக்குள் ஓர் அடையாளம் காட்டும், இல்லாவிட்டால் உமக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என நைனா ஆண்டவருக்கே கெடு வைத்துவிட்டார்.

எட்டு வயதுக்காரியான எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மா போய்விட்டால் யார் பக்கத்தில் படுப்பேன்? அவளை இழுப்பது அந்தக் கோயில்தான் என்று பட்டது. வெள்ளிக்கிழமை மாலை, வீட்டில் யாருமில்லாத நேரத்தில், நாற்காலி போட்டுப் படத்தை இறக்கி, சட்டத்தின் பின்னட்டையைப் பிரித்து, ஈரத்துணியால் கோபுரத்தைத் துடைத்தேன். கோபுரத்தோடு வானமும் ஆற்றில் இறங்கிவிட்டது. பயத்தில் அழுகைகூட வரவில்லை. எப்படியோ திரும்ப மாட்டிவைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா சுவரைப் பார்த்தாள். என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், விரல்களை நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நீலம் போகும்வரை விடவில்லை.

நைனா வந்ததும் அவளே படத்தைக் காட்டினாள்.

“கோயிலே கரைஞ்சி பூட்சி பாருங்க. இதுக்கு மேல இன்னா அடையாளம் வோணும்? நான் போவல.”

நைனா சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். காய்ந்த சுவர். ஆண்டவர் சித்தம் என்று முணுமுணுத்துவிட்டுச் சூட்கேஸைப் பரணில் ஏற்றினார்.

அடி விழாத சந்தோஷத்தில் அன்றைக்கு வயிறு முட்டத் தின்றேன். என்னைக் காப்பாற்றத்தான் அம்மா அப்படிச் சொன்னாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.