அழகியின் செவ்வாயும் வெள்ளியும்

2017ஆம் ஆண்டு, ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த பருவத்தில்தான் செல்வராணி முதன்முதலாக அழகியைக் கண்டாள். ஆவுடையார்கோவில் வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அதன் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராகச் சேரச் செல்வராணி வந்த முதல் நாள் அது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அடுப்படியில் ஆளைக் காணவில்லை. விறகு அடுக்கியிருந்த இருட்டு மூலையில், நெற்றியை ஈரத்துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நான் புதுசா வேலைக்கி...”

“கதவைச் சாத்து ஆத்தா. வெளிச்சம் ஊசியாட்டம் குத்துது. பேரெல்லாம் பெறகு சொல்லலாம்.”

செல்வராணி கதவைச் சாத்தினாள். அரிசி கொதிவந்து மூடி தடதடத்ததும் அந்தப் பெண் எழுந்து வந்தாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது. அண்டாவின் ஒரு காதைத் துணியால் பற்றிக்கொண்டு, மறுகாதைப் பற்றுமாறு சைகை காட்டினாள்.

“ஆச்சான்னு நான் கேட்பேன். நீ ஆச்சுன்னு சொல்லணும். சொன்ன பெறகுதான் தூக்கணும். வாய்க்குள்ள முனகுனா தூக்க மாட்டேன். கொதிக்கிற சோறு, வெளையாட்டு இல்ல. ஆச்சா?”

“ஆச்சுக்கா.”

இருவரும் ஒரே மூச்சில் தூக்கி, வடிமேடையில் கவிழ்த்தனர். கஞ்சி வெண்ணிறமாய் ஓடியது. அந்தக் கூடத்தில் எழுதப்படாத சட்டம் அது ஒன்றே. அதனை வகுத்தவள் அழகி.

அழகி அரிமளத்துப் பக்கம் பிறந்து இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவர் குழந்தைசாமி குவைத்தில் கட்டட வேலைக்குச் சென்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. குழம்பு கொதிக்கும் வாசனையைக் கொண்டே காரத்தின் அளவைச் சொல்லிவிடுவாள். எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும், எந்தப் பிள்ளை முட்டையின் மஞ்சளைப் பையில் ஒளிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால், சில நாள்களில் சமைத்ததைத் தன் நாவில் வைக்க மாட்டாள். “ராணி, உப்புப் பாரு,” என்று கரண்டியை நீட்டிவிட்டு விலகி நிற்பாள்.

அந்த நாள்கள் செவ்வாயும் வெள்ளியும் என்பதைச் செல்வராணி விரைவிலேயே அறிந்துகொண்டாள். தலைவலி வருவதும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான் என்பதை அறியச் சற்றுக் காலம் பிடித்தது.

ஒருநாள் கேட்டேவிட்டாள். அழகி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஒரு தடவை அவருகிட்டேர்ந்து போனே வரல. என்னமோ ஏதோன்னு கெடந்து தவிச்சோம். பெறகுதான் தெரிஞ்சுது, சாரத்துலேர்ந்து விழுந்து ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்திருக்காரு. நான் கோயிலுக்கு ஓடுனேன். மனுசன் பொழச்சு, ஒரேயடியா ஊருக்கு வந்து சேருற வரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் விடிஞ்சா அடைஞ்சாப் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். பொழச்சாரு.”

“இன்னும் ஊருக்கு வந்து சேரலையே அக்கா?”

“காண்ட்ராக்ட்டை நீட்டிக்கிட்டே இருக்காரே, நான் என்ன செய்ய? அவரு மேல ஒரு தூசி விழாம இருக்குன்னா, அது இந்த வயிறு காயிறதாலதான்.”

“தலைவலி?”

“அதுக்குத்தான் சஷ்டி விரதமும் சேத்துப் புடிச்சிருக்கேன்.”

அழகி சிரித்தாள். “ஏண்டி முழிக்கிற? நம்ம ஊரு சாமிக்கே சோத்து ஆவிதானே படையல்? அண்டாவத் தொறக்கையில மூஞ்சில அடிக்கிதுல்ல, அது போதும் எனக்கு. இது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா விடச் சொல்லுவாரு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அடுப்பைத் தொட்டுச் சொல்லு.”

செல்வராணி அடுப்பைத் தொட்டுச் சொன்னாள்.

சுக்குப் பத்து, தைலம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, வேப்பிலை மந்திரிப்பு என்று அழகி பார்க்காத வைத்தியம் இல்லை. “நீர் கோத்திருக்கு” என்றார் ஒருவர். “கண்ணாடி போடு” என்றார் இன்னொருவர். வலியோ ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. வருமுன் கண்ணில் ஓர் அடையாளம் காட்டும். “வெல்டிங் வைக்கிறதைப் பாத்தாக் கண்ணுலயே நிக்குமே, அது மாதிரி ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடும். பெறகு எடப்பக்கம் ஒண்ணுமே தெரியாது. அது தெளிஞ்சதும் மண்டைக்குள்ள ஒலக்கை போடும்,” என்பாள். கோடு ஓடத் தொடங்கினால், “ராணி, எனக்கு எடப்பக்கம் போச்சு,” என்று சொல்லிவிடுவாள். அண்டாவைச் சிறிது நேரம் கழித்துத் தூக்குவார்கள். அல்லது செல்வராணி இடம் மாறி நின்றுகொள்வாள்.

2019ஆம் ஆண்டு கோடையில், வலியோடு நின்ற அழகி சாம்பார் வாளியை நழுவவிட்டாள். யார் மேலும் படவில்லை. ஆனால், சத்துணவு அமைப்பாளர் சந்தனமேரி பார்த்துவிட்டார்.

“அழகி, ஒங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா, பிள்ளைங்க நடமாடுற எடம் இது. வைத்தியம் பாத்துட்டு வாங்க. இல்லன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும்.”

அறந்தாங்கியில் ஒரு பெண் மருத்துவரிடம் செல்வராணியே அழைத்துச் சென்றாள். மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கைகால்களின் வலுவைச் சோதித்தார். ஒற்றைத் தலைவலிதான் என்றார். பிறகு கேட்டார்: “நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? பட்டினி கிடந்தா இது வரும்.”

“மூணு வேளையும் சாப்பிடுறேங்க,” என்றாள் அழகி.

அடுப்பைத் தொட்ட கை மடியில் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே செல்வராணி சொன்னாள்: “இல்லைங்க டாக்டர். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. வலி வாரதும் அன்னிக்கித்தாங்க.”

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. “அம்மா, சாமி கும்பிடுறதை நான் தடுக்க மாட்டேன். ஆனா, ஒங்க தலை பசியைத் தாங்காத தலை. காலையில சாப்பிடுங்க, தண்ணி குடிங்க, நேரத்துக்குத் தூங்குங்க. ராத்திரியில போட ஒரு மாத்திரை எழுதுறேன். கடையில வாங்குற வலி மாத்திரையை அள்ளிப் போடாதீங்க. அதுவே வலியைக் கூட்டும். வெறும் வயித்துல இருந்துக்கிட்டு என் மருந்து கேக்கலைன்னு மட்டும் வராதீங்க.”

திரும்பும் பேருந்தில் அழகி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

“என் தாலியை ஒன் கையில நம்பிக் குடுத்தேன். ஒரு வார்த்தையில அறுக்கப் பாத்துட்டியே.”

அன்றோடு பேச்சு நின்றது. மாத்திரை உறையே பிரிக்கப்படவில்லை, விரதமும் நிற்கவில்லை. உப்புப் பார்க்கக் கரண்டி மட்டும் நீண்டது, சொல் இல்லாமல். காய் நறுக்கும் ஓசையும் விறகு வெடிக்கும் ஓசையும் தவிரக் கூடத்தில் வேறு ஒலி இல்லை. அண்டாவைத் தூக்கும்போது செல்வராணி, “ஆச்சா?” என்பாள். அழகி தலையை மட்டும் அசைப்பாள். தான் வகுத்த சட்டத்தைத் தானே மீறினாள். சந்தனமேரியிடம் சொல்லலாமா? சொன்னால் அழகியின் வேலை போகும். சொல்லாவிட்டால்? ஒரு வாக்கை மீறியதன் விளைவே இது. இன்னொரு முறை அழகியைக் காட்டிக்கொடுக்க அவளுக்குத் துணிவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் காலையிலேயே ஏறியிருந்தது. அழகியின் உதடு வெளுத்திருந்தது. செல்வராணி உற்று உற்றுப் பார்த்தாள். கோடு ஓடுகிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து யாரால் சொல்ல முடியும்?

“அக்கா, கண்ணு தெரியுதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அழகி அண்டாவின் காதைப் பற்றினாள்.

“ஆச்சா?”

தலை அசைந்தது. தூக்கினார்கள். இரண்டு அடி நகர்ந்தபோது, ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டோடு உள்ளே வந்து, அழகியின் இடப்பக்கம் நின்றாள். அழகி அவளை நோக்கியே நடந்தாள். அவள் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

“அக்கா, பிள்ளை!”

அழகி திடுக்கிட்டு நின்றாள், அண்டா சரிந்தது. செல்வராணி முழு வலுவோடு அதனைத் தன் பக்கம் இழுத்தாள். சிறுமி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். கொதிக்கும் கஞ்சி செல்வராணியின் வலக்காலில் வழிந்தது.

அவளுடைய அலறலைக் கேட்டுச் சந்தனமேரி ஓடிவந்தபோது, அழகி தரையில் அமர்ந்து அந்தக் காலை மடியில் ஏந்தி, குடம் குடமாகக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிக் கண் குருடாக, நீர் எங்கே விழுகிறது என்பதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

“எடப்பக்கம் போச்சுடி. அப்பவே போச்சு. ஒங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு வீம்புல இருந்துட்டேன். அந்தப் பச்சைப் பிள்ளை மேல கொட்டியிருந்தா எஞ் சாமி என்னைய என்ன கேக்கும்?”

செல்வராணி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: “இப்பவாச்சும் பேசுனீங்களே அக்கா.”

சந்தனமேரி மேலே எழுதவில்லை. ஆனால், அழகி வைத்தியத்தை முறையாகத் தொடரும்வரை அண்டாவைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலில் கட்டு அவிழ்வதற்கு முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை, அழகி செல்வராணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆவுடையார்கோவிலுக்குச் சென்றாள். கேட்டுவிட்டு வர வேண்டும் என்றாள். எதைக் கேட்க என்று சொல்லவில்லை. உருவமில்லாத அந்தச் சாமிக்கு முன், அர்ச்சகர்கள் கல்மேடையில் புழுங்கலரிசிச் சோற்றைக் கொட்டிப் பரப்பினார்கள். ஆவி திரண்டு எழுந்து, விளக்கொளியில் அசைந்து, மேலே சென்று மறைந்தது. அழகி கைகூப்பியபடி நின்றாள். ஆவி அடங்கியது. சோற்றை அள்ளத் தொடங்கினார்கள். எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனால், அன்று அவள் அள்ளும் கைகளையே பார்த்தாள்.

வெளியே வந்ததும், தரையைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டாள்: “ஐயா, அந்தச் சோறு எங்கிட்டுப் போகுது?”

அவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இது என்ன கேள்வி? மனுசன் வயித்துக்குத்தான் போகும். சாமி எடுத்துக்கிட்டது ஆவியைத்தானே? சோத்தை நமக்குல்ல விட்டிருக்கு.”

அழகி ஒரு தூணோரம் சென்று அமர்ந்தாள். பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தாள். காலையிலேயே சோறு கட்டி வந்திருக்கிறாள்! உண்பதா, வேண்டாமா என்பதை மட்டும் முடிவு செய்யாமல் வந்திருக்கிறாள். திறந்தபோது அது ஆறிப்போயிருந்தது. முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

“அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, ராணி?”

ஆகாது என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? செல்வராணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழகி கண்ணை மூடிக்கொண்டு உண்டாள்.

குழந்தைசாமிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மாலை தவறாமல் பேசுவார். அன்று அழைப்பு வரவில்லை. அழகி அழைத்தாள், எடுப்பாரில்லை. மீண்டும் அழைத்தாள்; இணைப்பே கிடைக்கவில்லை. செல்வராணி தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் உறக்கம் கொள்ளவில்லை. ‘நான் டாக்டரிடம் சொன்னதால்தானே உண்டாள்?’ என்ற நினைப்பு காலின் எரிச்சலைவிட மிகுதியாக எரித்தது.

விடிந்ததும் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு அழகியின் வீட்டுக்கு விரைந்தாள். அழகி வாசற்படியில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அழவும் இயலாமல் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெயில் படியேறி வரும் வேளையில் கைபேசி ஒலித்தது. அழகி அதைச் செல்வராணியிடம் நீட்டினாள்; செல்வராணியே அழுத்தினாள்.

“என்ன, அத்தனை தடவை கூப்பிட்டிருக்க? வீட்டுல ஏதும் வெசேசமா?”

“ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே?” என்றாள் அழகி.

“எனக்கென்ன? போனுல சார்ஜ் போச்சு, நானும் அசந்து தூங்கிட்டேன். நேத்து இங்க பிரியாணி. வெள்ளிக்கெழமைன்னாலே பிரியாணிதான். தின்னா ஒறக்கம் தன்னால வருது.”

அழகி செல்வராணியைப் பார்த்தாள். பிறகு ஆண்டுக்கணக்காக அடக்கி வைத்திருந்ததை அழுகையும் சினமுமாகக் கொட்டினாள்.

“அடிப் பாவி மகளே,” என்றது மறுமுனையில் அவர் குரல். “நீ அங்கிட்டு வயித்தைக் காயப்போட்டுக் கெடக்க, நான் இங்கிட்டு எலும்பைக் கடிச்சுக்கிட்டு இருந்தேனா? இனிமே நீ சாப்பிட்டேன்னு சொன்ன பெறகுதான் நான் கையை நனைப்பேன். நானும் வேண்டிக்கிட்டேன், போ!”

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழகிக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. கடை மாத்திரையை நிறுத்தி, டாக்டர் எழுதிய மாத்திரைக்கு மாறிய தொடக்கத்தில் முன்னைவிடக் கடுமையாகத் தாக்கியது. செல்வராணி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல இடைவெளி கூடியது. கோடையிலோ உறக்கம் கெட்டாலோ எப்போதாவது எட்டிப் பார்க்கும். கண்ணில் அந்தக் கோடு ஓடுவது அரிதாயிற்று. சந்தனமேரி அண்டாவைத் தொட மீண்டும் இசைவளித்தார். செவ்வாயிலும் வெள்ளியிலும், மூடியைத் திறந்ததும் எழும் முதல் ஆவியை அழகி கோயில் இருக்கும் திசை நோக்கிக் கும்பிடுவாள்; பிறகு தானே உப்புப் பார்ப்பாள். “ஆச்சா?” என்ற கேள்விக்கு அவளுடைய “ஆச்சு!” வகுப்பறை வரை கேட்கும்.

குழந்தைசாமி 2022இல் ஊரோடு வந்து சேர்ந்தார். 2024ஆம் ஆண்டு, சித்திரை வெயில் தொடங்கிய வேளையில், அழகி பணி ஓய்வு பெற்றாள். அன்று அவளை வேலை செய்யவிடாமல் பிள்ளைகளின் பந்தியில் கடைசியாக உட்கார வைத்தார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. செல்வராணி வாளியோடு வரிசையில் பரிமாறிக்கொண்டு வந்தாள். அழகி தட்டை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினாள்.

“வாளி அடியில ஆறிக் கெடக்குறது வேணாம் ராணி. அண்டாவுல மேலாக்க ஆவி பறக்க இருக்குல்ல, அதுல ஒரு கரண்டி போடு.”