வேடசந்தூர் செல்வியும் ‘ரன்’ என்ற வார்த்தையும்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற சக பாவிகளே, ‘ரன்’னுக்கு ‘ஓடு’ என்று அர்த்தம் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன வாத்தியார் உங்களில் யாராவது உண்டா?

பாய் கேட்ட கேள்வி

திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை மாடியில் என் வகுப்பு. அன்றைக்கு ‘ரன்’னை எடுத்தேன், சனி பிடித்தது. கடை நடத்தினாலும் ரன், மெஷின் ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், தேர்தலில் நின்றாலும் ரன், சரக்குத் தீர்ந்தால் ரன் அவுட். அதோடு விட்டேனா? மேனேஜ், ஆப்பரேட், ஃப்ளோ என்று மாற்று வார்த்தைகளையும் எழுதிப்போட்டதில் போர்டு கொள்ளவில்லை. இங்கிலீஷ்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா என்று நானே அலுத்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த தோல் வியாபாரி பஷீர் பாய் நிதானமாகச் சொன்னார்:

“நம்மூர்ல மட்டும் என்ன சார், கடையும் ஓடுது, படமும் ஓடுது, பொழப்பும் ஓடுது. அவனை மட்டும் ஏன் வையிறீங்க?”

மாடியில் சண்டை

செல்வி வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். ஷிஃப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு அப்படியே வந்து உட்காருவாள். மில்லில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ வருகிறது, கேள்வியெல்லாம் இங்கிலீஷில். வேலை கிடைத்தால் ராத்திரி ஷிஃப்ட் கிடையாது. பாலசமுத்திரத்தில் அம்மா வீட்டில் விட்டிருக்கிற மகளைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் பாடு.

ஆனால் அவள் வாயைத் திறந்தால் நம் காது போகும். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. “ஐ ரன் தி மெஷின்” என்று ஒரு தடவைதான் சொன்னாள். கீழேயிருந்து பிரியாணிக் கடைக்காரர் கரண்டியோடு ஏறி வந்துவிட்டார்.

“வாத்தியாரே, மேல என்ன சண்டை? சாப்பிடுறவங்க பாதி இலையில எந்திரிக்கிறாங்க.”

கைப்பாடம்

மில்லுக்குள் பேச்சு காதில் விழாது என்பதால் தூரத்தில் நிற்கிறவர்களோடு கைச்சாடையில்தான் பேசுவார்களாம். செல்வி அதையே பிடித்துக்கொண்டாள். விரலைச் சுழற்றினால் மெஷின் ஓடுகிறது. முஷ்டியை இறுக்கினால் நடத்துவது. வெறுங்கையை விரித்தால் தீர்ந்துபோனது. வேலைக்கு நடுவே கையில் சாடையும் உதட்டுக்குள் இங்கிலீஷுமாகச் சொல்லிப் பார்ப்பாள். இன்டர்வியூவில் மட்டும் மெதுவாகப் பேசு தாயே என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அதற்குத் தலையாட்டினாள். பெரிய மனசு பண்ணி, இத்தனை அர்த்தம் எதற்கு, இரண்டு போதுமே என்றேன். அதற்குத்தான் முறைத்தாள்.

“எல்லாத்தையும் குடுங்க சார். எம் பிள்ளை எங்கிட்ட வார வரைக்கும் நான் விடப்போறதில்ல.”

மெதுவாகப் பேசியது

இன்டர்வியூ முடிந்து நேரே வகுப்புக்கு வந்தாள். மெஷின்கள் ஓடும் ஷெட்டை எப்படி ரன் பண்ணுவாய் என்று மேனேஜர் கேட்டாராம். என் பேச்சைக் கேட்டு மெதுவாகப் பதில் சொல்லியிருக்கிறாள். காதில் விழவில்லை என்றார். மறுபடி சொன்னாள், அப்போதும் விழவில்லை. சரி போ, அடுத்த ஆளை வரச்சொல் என்றுவிட்டாராம்.

மகள் முகம் ஞாபகம் வந்ததும் இவளுக்கு முஷ்டி தானாக இறுகியிருக்கிறது, தொண்டையும் திறந்துகொண்டது. எழுந்திருக்காமல் மேனேஜ், ஆப்பரேட், ரன் அவுட் என்று ஒன்று விடாமல் முழங்கியதில் வாசல் செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்தாராம். எதுக்கும்மா இப்படிக் கத்துறே என்று மேனேஜர் கேட்டதற்கு, இவள் தமிழிலேயே சொல்லிவிட்டாள்:

“சூப்பர்வைசர் சொல்றது ஷெட்டுக் கடைசி வரைக்கும் கேக்க வேணாமா சார்?”

வேலையும் கிடைத்து, இப்போது மகளையும் வகுப்புக்குக் கூட்டி வருகிறாள். பிள்ளைக்கும் அதே தொண்டை என்பதால் பிரியாணிக் கடைக்காரர்தான் தன் கடைக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.