மூன்று வாக்கிய மன்னிப்பு

'உணர்வு நலப் பாடத்தின் பொறுப்பாசிரியர் நிதானமானவராகவும், குரல் உயர்த்தாதவராகவும், மாணவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பவராகவும் இருத்தல் வேண்டும்' என்றது பள்ளியின் அறிவிப்பு. பொறுப்பு போய்ச் சேர்ந்ததோ, பிள்ளைகள் 'குக்கர்' என்று பெயர் வைத்திருந்த கணக்கு டீச்சரிடம். அந்த நேரத்தில் அவருக்குத்தான் வகுப்பு இல்லை. தகுதி என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் துடைத்த பலகையையே மறுபடி துடைப்பார். "நீ போய் அமைதியைச் சொல்லித்தரியா?" என்று கேட்ட வீட்டுக்காரர், அன்று தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

ஆனாலும் பாடம் ஜோராக நடந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, மன்னிப்புக்கும் ஒரு சூத்திரம் போட்டுக் கொடுத்தார்: நான் என்ன செய்தேன், உனக்கு எப்படி வலித்திருக்கும், இனி எப்படி இருப்பேன். மூன்றே வாக்கியம். எட்டாம் வகுப்பு அதைக் கரைத்துக் குடித்தது. வினையும் அங்கேதான் தொடங்கியது. மன்னிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு சேட்டை செய்தார்கள்.

இதில் கெட்டிக்காரன், பள்ளி விழாக்களில் பேசிப் பேசி 'மைக்' என்று பெயரெடுத்தவன். முன்னால் இருக்கும் பெண் உட்காரப் போகும்போது நாற்காலியை இழுப்பான். அவள் விழுவாள், வகுப்பு சிரிக்கும், அவன் குரல் தழுதழுக்க மூன்று வாக்கியமும் சொல்வான். டீச்சரே "வெரி குட்" சொல்லியிருக்கிறார். கடைசியாக விழுந்த அன்று அவள் எழுந்து, ஜாமெட்ரி பாக்ஸால் அவன் வாயில் ஒன்று போட்டாள். உதடு கிழிந்தது.

"வெள்ளிக்கிழமை கிளாஸ் முன்னாடி அவ மன்னிப்பு கேக்கணும், இல்லேன்னா டி.சி.தான்" என்றார் தலைமையாசிரியர். "உங்க பாடமாச்சே டீச்சர், நீங்களே பார்த்துக்குங்க."

டீச்சர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய், குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே பேசினார்.

"மூணு வரிதானேம்மா. சொல்லிட்டுப் போயேன்."

"அடிச்சேன்னு சொல்றேன் மிஸ். வலிச்சிருக்கும்னும் சொல்றேன். மூணாவது வராது."

"ஏன் வராது?"

"அவன் திரும்ப இழுத்தா நான் திரும்ப அடிப்பேனே."

"பொய்யாவாவது சொல்லித் தொலையேன்டி!" குக்கரின் விசில் மாடிவரை கேட்டது.

"அவன் அதைத்தானே மிஸ் சொல்றான்? நீங்க வெரி குட் போடறீங்க."

டீச்சரின் நடை நின்றது. அன்று முழுக்கக் கணக்கு வகுப்பில் தப்புத் தப்பாகக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியரே வகுப்புக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் இரண்டு வாக்கியம் சொன்னாள், நிறுத்தினாள். டீச்சரின் கையில் சாக்பீஸ் பொடியாகிக்கொண்டிருந்தது.

"இனிமேல் நான்..." என்று பின்னாலிருந்து மைக் உதவியாக எடுத்துக் கொடுத்தான். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நீ உக்காரும்மா" என்றார் டீச்சர்.

"இன்னும் முடியலையே?" என்றார் தலைமையாசிரியர்.

"முடிஞ்சுது சார். அவ உண்மையா சொல்லக்கூடியது அவ்வளவுதான். டி.சி. கொடுத்தா எனக்கும் சேர்த்துக் கொடுத்துடுங்க."

பள்ளியில் கணக்குக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் தலைமையாசிரியருக்கு நியாயம் சட்டென்று விளங்கியது.

உணர்வு நலப் பாடத்தில் டீச்சர் உருப்படியாகச் செய்தது இவ்வளவுதான்: மைக்கை அந்தப் பெண்ணின் பின்னாலிருந்து எழுப்பி, அவள் நாற்காலி எட்டாத இடத்தில் உட்காரவைத்தார்.