தம்பி வாங்கிக்கொண்ட வேர்க்கட்டு

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் அறநெறி வகுப்பு எடுத்தேன். சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு பாடம் உண்டு. வகுப்பில் பாதிப் பேர் எங்களைப் போலக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் வம்சம். மறுபாதி பூர்வகுடி ஃபிஜியர்கள். ஒருவர் செய்த மோசடிக்கு யார் பொறுப்பு என்று ஒருநாள் கேட்டேன். எங்கள் பிள்ளைகள், "செய்தவன்" என்றார்கள். ஃபிஜியப் பிள்ளைகள், "அவன் குடும்பம்" என்றார்கள். தன் கிராமத்திலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த ஒரு பையன் எழுந்து, "குடும்பமே போய் மன்னிப்புக் கேட்கும், மேடம். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அத்தோடு விஷயம் முடிந்தது" என்றான். இரண்டு பதிலையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப்போட்டேன். எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன்!

பிறகு, இந்திய வம்சத்தவர் ஆளக்கூடாதென்று ஆட்சியைக் கவிழ்த்தார்கள். டவுனில் கடைகளை உடைத்து அள்ளிக்கொண்டு போன கூட்டம் என் தம்பியின் துணிக்கடையையும் விடவில்லை. தையல் மிஷின்கூட மிஞ்சவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும், வகுப்பில் எழுந்து பதில் சொன்ன அந்தப் பையன் சமபுலாவில் தம்பி வீட்டுக்கு வந்தான். என்னையும் வரச் சொல்லியிருந்தான். பாயில் உட்கார்ந்து, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா (எங்கள் வாயில் நங்கோனா) வேர்க்கட்டை முன்னால் வைத்து, நிமிராமல் பேசினான். கடையை உடைத்தவர்களில் தன் தாய்மாமனும் ஒருவர் என்று பேரோடு சொன்னான். எங்கள் குடும்பத்தை மன்னியுங்கள் என்றான். அவன் ஒரு சட்டையைக்கூடத் தொட்டவன் இல்லை.

நான் தம்பியிடம் தமிழில் சொன்னேன்: "வேர வாங்கினா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் பேச்சே கெடையாது. யோசிச்சு வாங்கு."

"எனக்குத் தெரியாதாக்கா? நங்கோனா குடிச்சே வளந்தவன் நான்."

வாங்கிக்கொண்டான். பையனைக் கட்டிக்கொண்டு அழுதான். அது பொய் அழுகை இல்லை. எனக்கும் கண் கலங்கியது. இந்த நாடு பிழைத்துவிடும் என்று நம்பினேன், பைத்தியக்காரி.

மறுநாள் காலை தம்பி போலீசுக்குப் போய் மாமன் பேரைக் கொடுத்துவிட்டான்.

"வேர வாங்கினியேடா!" என்று கத்தினேன்.

"பையன மன்னிச்சேன்க்கா. மனசார மன்னிச்சேன். துகான ஒடச்சவன் மாமன். அவன் எங்கிட்ட வந்து கேட்டானா?"

அவன் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. அந்தக் கடை அவன் உயிர்.

மாமனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பையன் வகுப்புக்கு வரவில்லை. எப்படியாவது அவனைத் திரும்பப் படிக்கவைத்துவிட வேண்டும் என்று பஸ் பிடித்து அவன் கிராமத்துக்குப் போனேன். அவன் அம்மா பாய் விரித்து, தேநீர் கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மாமனைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊரில் யாரும் அவனோடு பேசுவதில்லை என்றாள். அவன் உள்ளே இருந்தான். கடைசிவரை வெளியே வரவில்லை.

தம்பி குடும்பம் ஆக்லாந்துக்குப் போய்விட்டது. என் வகுப்பிலும் பாதி நாற்காலிகள் காலி. எதற்கென்று தெரியாமலே அந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். "அந்தப் பையன் பாஸ் பண்ணிட்டானாக்கா? இங்க எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. எம்பேரச் சொல்லி எழுதிப்போடச் சொல்லு. நல்ல பையன், அவன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."