எண்ணூறில் வைத்த காமிரா

எங்கள் மாமா எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை நூல் கவுண்டாகத்தான் படிப்பார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர் அவர், அம்மாவின் தம்பி. கவுண்டு கூடக் கூட நூல் மெலிசு, நூல் மெலிசானால் துணி உசத்தி. நாற்பதாம் நம்பர் என்றால் முகத்தைச் சுளிப்பார். நூறாம் நம்பர் என்றால் குரலைத் தாழ்த்தி, பெரிய மனிதர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். பெரிய நம்பர் போட்ட பஸ்தான் நல்ல பஸ் என்று ஏறி ஒருமுறை செட்டியார்பட்டியில் போய் இறங்கினார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். மாமா மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு ஜப்பான் காமிரா வந்து சேர்ந்தது. எண்பதுகளின் பிற்பகுதி அது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கூட்டாளியிடம் இரவல் வாங்கியிருந்தார். வாங்கியது அக்காவுக்காக.

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டிலிருந்து கேட்டிருந்தார்கள். முதலில் போட்டோ வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோப் படம் செல்லாது. மூத்த மகனுக்குப் பெண் எடுத்தபோது பவுடரும் விளக்கும் சேர்ந்து தங்களை ஏமாற்றிவிட்டதாக மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு தீராத மனக்குறை. ஆகவே பெண்ணை வீட்டில் வைத்து, பகல் வெளிச்சத்தில், கலரில் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். நிறம்தான் அவர்களுக்கு முக்கியம் என்று தரகர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அக்கா நல்ல நிறம் என்பதால் அப்பா அதைக் கேட்டு மகிழ்ந்தார்.

அக்காவுக்கு அந்த வருஷம்தான் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் முடிவானால் படிப்பு கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அப்பா ஒரு முடிவு எடுத்த பிறகு அம்மா எதிர்த்துப் பேசி நான் கண்டதில்லை. அன்றைக்கும் அம்மா அக்காவைத்தான் ஏசினாள். "வாத்திச்சி வேலை எங்க ஓடியா போவுது? எந்திரிச்சுச் சாப்பிடுட்டி" என்றாள். எனக்கோ கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் நான் முழுக்க முழுக்க மாப்பிள்ளை வீட்டுக் கட்சி.

பிலிம் வாங்க அக்காவும் நானும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் டப்பாவின் மேல் போட்டிருந்த எண்ணைக் காட்டினார்.

"நூறுன்னு போட்டுருக்கு பாத்தியளா? காமிராவுலயும் அதே நூறுலதான் வைக்கணும். கூட வச்சா காமிரா ஏமாந்துரும். பிலிமு கொஞ்ச வெளிச்சத்துலயே புடிச்சுக்கிடும்னு நெனச்சு வெளிச்சத்தக் கொறச்சு விடும். படம் கறுத்துப் போகும்."

பிலிம் எவ்வளவு வெளிச்சத்துக்கு மசியும் என்பதற்கான எண் அது. காமிராவுக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்லித் தர வேண்டும். இன்று செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் ஐ.எஸ்.ஓ. என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்குப் புரிந்தது 'நூறு' ஒன்றுதான்.

கிளம்பப் போன அக்கா நின்று கேட்டாள். "எம்புட்டுக் கறுக்கும்ணே?"

அவர் சிரித்துவிட்டார். "அது எதுக்கும்மா ஒனக்கு? நூறுல வையி, ஜம்முன்னு வரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டு முற்றத்தில் படப்பிடிப்பு. அக்கா கத்தரிப்பூ நிறச் சேலையில் நின்றாள். அம்மா பூவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். மாமா காமிராவின் தலையில் இருந்த சின்னச் சக்கரத்தைப் பார்த்தார். இருபத்தைந்தில் தொடங்கி எண்ணூறு வரை எண்கள் இருந்தன. அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"அத்தான், இங்க பாருங்க. நம்ம மில்லுல நூறு ஓட்டுததுக்கே நாக்குத் தள்ளுது. ஜப்பான்காரன் எண்ணூறு வரைக்கும் வச்சிருக்கான்! நம்ம பிள்ளைய எண்ணூறுலயே எடுப்போம். படம் பட்டு மாதிரி வரும்."

அப்பா பெருமையோடு தலையாட்டினார். நான் "மாமா, கடையில..." என்று வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போய் வந்தது.

"மாமாவுக்குத் தெரியாததா? எண்ணூறுலயே வைங்க மாமா" என்றாள் அக்கா. அந்தக் கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவள் மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

கிணற்றடியில் நிற்க வைத்து, முருங்கை மரத்தோரம் நிற்க வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து மாமா எடுத்துத் தள்ளினார். கடைசியில் ஒரு படம் மிச்சம் இருந்தது. வேலை முடிந்ததென்று அக்கா மாட்டுக்கொட்டகைக் கதவுமுன் உட்கார்ந்து என் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் முறைக்க அவள் சிரித்தாள். மாமா அதையும் எடுத்துவிட்டார்.

பிலிம் மதுரைக்குப் போய்ப் படமாகி வந்தது. மாமா கவரைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் எக்கி எக்கிப் பார்த்தேன். பாவம் அக்கா, அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசியதுபோல இருந்தாள். கிணறு கறுப்பு, முருங்கை கறுப்பு, அக்காவும் கறுப்பு.

கடைசிப் படம் மட்டும் தப்பியிருந்தது. கொட்டகைக் கதவில் கறையானுக்காகத் தார் பூசியிருந்தோம். அந்தக் கறுப்பைப் பார்த்து மிரண்ட காமிரா வெளிச்சத்தை அள்ளி விட்டிருக்கிறது என்பதெல்லாம் நான் வளர்ந்து, காமிரா வாங்கிக் கற்றுக்கொண்ட பிறகு தெரிந்தது. என் கால் மட்டும் ஓரத்தில் விழுந்திருந்த அந்தப் படத்தில் அக்கா மஞ்சள் வெயிலில் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக அவளை நாங்கள் யாரும் நேரில் கூடப் பார்த்ததில்லை.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அடுப்படியில் அரைத்துக்கொண்டிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் படத்தை மட்டும் உருவி, மிளகாய் வற்றல் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். மூடிவிட்டுத்தான் கூப்பாடு போட்டாள். "ஐயையோ, எம்பிள்ளையக் கரிக்கட்டையாக்கிட்டானே!"

தலை துவட்டியபடி ஓடி வந்த அப்பா படங்களைப் பார்த்து இடிந்துபோனார். சாயங்காலம் வந்த மாமாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "மதுரைத் தண்ணி சரியில்ல அத்தான். தண்ணி சரியில்லன்னா சாயம் இப்படித்தான் ஏறிரும்" என்றார். இன்னொரு சுருள் எடுக்கலாம் என்று அப்பா சொன்னபோது அம்மா குறுக்கே விழுந்தாள்.

"காமிராக்காரவுக துபாய்க்குப் பொறப்பட்டாச்சு. மாப்பிள வீட்டுக்காரவுக கேட்டும் நாளாச்சு. இதையே குடுத்துவிடுங்க. எம்பிள்ளை அழகு போட்டோவுலயா இருக்கு? ஆசப்பட்டவுக வந்து பாக்கட்டும்."

அம்மா இவ்வளவு பேசியதே அதிசயம். அப்பா அதை நியாயம் என்று எடுத்துக்கொண்டு தரகரிடம் கொடுத்தனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பதில் வர அதிக நாள் ஆகவில்லை. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் ஏதோ இடித்ததாம்.

பயிற்சி வகுப்பு திறக்கும் நாள் வந்தது. "வேற எடம் அமையிற வரைக்கும் சும்மா இருக்குததுக்குப் போயிட்டுத்தான் வரட்டுமே" என்று அம்மா சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு, சரி என்றார். அக்கா தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பஸ் ஏறிப் போய் வந்தாள். அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததாக யாரும் சொல்லவில்லை.

என் பட்டுப் பாவாடைதான் போயிற்று. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் மிளகாய் டப்பாவைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து அம்மாவின் முன் நீட்டினேன்.

"இதக் குடுத்திருந்தா கல்யாணம் நடந்திருக்கும்லா? ஏம்மா குடுக்கல?"

அம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்தாள். "இது எனக்கு வேணும்ட்டி. நான் வச்சுக்கிடுதேன்."

எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. கொடுக்க மனசு வராத அளவுக்கு அக்காமேல் அம்மாவுக்கு ஆசை, என்மேல் ஒரு துளிகூட இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. என் படம் எதையாவது இப்படி ஒளித்து வைத்திருக்கிறாளா? கேட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் கைவிரலின் மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது.

"அழாதட்டி. ஒனக்கும் ஒருநா கேட்டு வருவாக. அப்ப ஒம் போட்டோவையும் ஒளிச்சு வைக்கேன்" என்றாள்.

அப்படியானால் சரி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.