மூடுபனியில் காயாத பால்

மலைமேல் தலைச்சோலையில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகள் முதன்முதலாக வாசலேறும்போது கதவு, ஜன்னல், தரைப்பலகை எல்லாம் புதுப்பூச்சில் பளபளக்க வேண்டும். ஆனால் என் மகளுக்கு இளைப்பு. சின்ன வயதில், பக்கத்து வீட்டு கேட்டுக்கு எனாமல் அடித்த அன்று, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். எனாமலில் கலக்கும் தின்னர் வாடை பட்டால் போதும், மூச்சு அடைத்துக்கொள்ளும்.

"பூச்சு நான் தர்றேனுங்க" என்று, இளைப்பைப் பற்றி வாய்திறக்காமல், சம்பந்தியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பெயிண்ட் கம்பெனிகளுக்குப் பாலிமர் செய்து கொடுக்கும் சேலத்து யூனிட் ஒன்றில் நான் கெமிஸ்ட். யூரித்தேன், அக்ரிலிக் என்ற இரண்டு பிசின்களையும் ஒரே துகளுக்குள் சேர்த்து, தின்னருக்குப் பதில் தண்ணீரில் மிதக்கவிடுவோம். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். பூசினால் தண்ணீர் ஆவியாகி, துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டு கெட்டியான படலமாகும். சேலத்து வெயிலில் அருமையாகக் காய்ந்தது. கேன்களை மலையேற்றிவிட்டுப் பத்திரிகை வைக்கப் போய்விட்டேன்.

கல்யாண வாரத்தில் சம்பந்தியிடமிருந்து போன்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, கதவைத் தொட்டா வெள்ளையா மாவாட்டம் கொட்டுதுங்க. இங்க நொம்பப் பனிங்க. பழைய வார்னிஷையே அடிச்சுப்போடட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க! வேற கொண்டாரேன்."

குளிரில் துகள்கள் விறைத்துவிடும், ஒட்டாது. இந்தச் சனியன் பிடித்த பனியை யார் நினைத்தார்கள்? இளக்கமான பிசினாகப் புதிதாகச் செய்ய வேண்டும். அதிகம் இளகினால் பூச்சு பிசுபிசுத்துக் கதவு கையோடு வரும்.

மறுநாள் பிசின் காய்ச்சும் கெட்டில் முன்னால் நின்றேன். சூடான யூரித்தேன் பிசினுக்குள் தண்ணீரை விட ஆரம்பித்தால் அது உடனே நீர்த்துவிடாது, முதலில் இறுகும். தேனாக இருந்தது களியாயிற்று. கலக்கியின் மோட்டார் முனகியது. தண்ணீரை நிறுத்தினால் மொத்தமும் உள்ளேயே பாறையாகிவிடும், அவசரப்பட்டுக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். இன்னொரு முறை செய்யச் சரக்கும் இல்லை, நாளும் இல்லை.

"மேடம், மோட்டார் பொகைஞ்சிருமுங்க. நிறுத்திரட்டுங்களா?" என்றார் ஆபரேட்டர்.

"சுவிட்சுல கை வெச்சீங்கன்னா பாருங்க!"

அவரிடம் அப்படிக் கத்தியதே இல்லை. கெட்டில் நடுங்கியது. முனகல் உச்சத்துக்குப் போய், சட்டென்று அடங்கியது. பிசின் துகள்துகளாகத் தண்ணீருக்குள் புரண்டுவிட்டது. கண்ணாடி வழியே பார்த்தேன், லேசாக நீலம் ஓடிய பால் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு அக்ரிலிக்கையும் சூட்டில் பிடிக்கவைத்து, மிச்ச வாடையை வேக்குவம் போட்டு இழுத்தோம். பூசிய பலகை ஒன்றை வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாவு கொட்டவில்லை. புதுக் கேன்களை அன்றே மலைக்கு அனுப்பிப் பூசச் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து மகள் வலது காலை வைத்து உள்ளே போனபோது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஒன்றுமில்லை. தரை கண்ணாடியாக மின்னியது.

சம்பந்தி பெருமையோடு உள்ளறைக் கதவைத் திறந்தார். எனாமல் வாடை முகத்தில் அறைந்தது. நடுவே ரோஸ் கலரில் ஒரு கட்டில்.

"மருமகளுக்குன்னு என்ற ஆசைக்கு நானே அடிச்சேனுங்க. நேத்துத்தான்…"

அதற்குள் மகளின் நெஞ்சில் விசில் சத்தம் கிளம்பிவிட்டது. "வெளிய கூட்டிட்டு வாங்க!" என்று அலறிக்கொண்டே பைக்குள் இன்ஹேலரைத் துழாவினேன். மாப்பிள்ளை அவளை வாசலுக்குத் தாங்கிக்கொண்டு ஓடினார்.

சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் திணறும் அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி பட்டு வேட்டியோடு குனிந்து, அந்தத் தேக்குக் கட்டிலைத் தனியாளாகக் கூடத்தின் வழியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் தூறலில் தள்ளினார். திரும்பி வந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் ரோஸ் பெயிண்ட்.

"கண்ணு, மூச்சு வருதா சாமி?"

இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தாள். பிறகு அவள் தலையாட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூடத்துத் தரையில் இரண்டு நீளக் கீறல்கள் விழுந்திருந்தன. நான் அங்கே போகும்போதெல்லாம் சம்பந்தி, "அதுக்கு மட்டும் கொஞ்சம் பூச்சு குடுங்க, பார்க்கவே கூச்சமா இருக்குதுங்க" என்பார். நான் இதுவரை கொடுக்கவில்லை. கொடுப்பதாகவும் இல்லை.