அம்பாங் மலையில் வெள்ளைக்கால் கொசுவைத் தேடி

சென்ற மாசியில், கிள்ளானிலிருந்து அம்பாங்குக்கு மேலேயுள்ள ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்தேன். நான் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக டிரஸர் வேலை பார்ப்பவன். முந்தின வருஷம் அங்கே காய்ச்சல் பார்க்கப் போனபோது, ஓடைக்கரை மரங்களை வெட்டச் சொன்னவன் நானே. கிள்ளானில் அப்படித்தான் காய்ச்சல் அடங்கியது. அங்கேயோ வெட்டிய பிறகு காய்ச்சல் ஏறிவிட்டதென்று தோட்டத்துத் துரை எழுதியிருந்தார். அடுத்த பள்ளத்தையும் திங்கட்கிழமை வெட்டுவார்களாம். லீவு போட்டுக் கிளம்பினேன்.

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு ரயில். ஒன்றே கால் மணி நேரத்தில் கோலாலம்பூர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் மைத்துனர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒரு வெள்ளி இருபது காசுக்கு மாட்டுவண்டி பேசினேன். ஒன்பது மைல், மூன்றரை மணி நேரம். கடைசி இரண்டு மைல் ஏற்றம். இறங்கித்தான் நடக்க வேண்டும்.

கூலிகள் குடியிருக்கும் லயத்தில், மாரியாயி என்ற ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் பெண்ணிடம் ஓடையைக் காட்டச் சொன்னேன். வெட்டவெளியில் தண்ணீர் கண்ணாடிபோல் ஓடியது.

"மரம் இருந்தப்போ இவ்வளவு கொசு இல்லீங்க ஐயா. வெயில் பட்ட பெறகுதான். என் சின்னப் பொண்ணு கார்த்திகையில காய்ச்சல்ல போயிட்டா."

"மரத்தை வெட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

"அப்போ நீங்கதான் போய் நிறுத்தச் சொல்லணும்."

ஓடையில் கொசுப் புழுக்களை மொண்டு ஜாடியில் வைத்தேன். சனிக்கிழமை காலை கொசுக்கள் பறந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால், பின்கால் நுனி வெள்ளை. கிள்ளான் சதுப்பின் நிழலில் பிறக்கும் கொசுவுக்குக் கால் முழுக்கக் கறுப்பு. முன்பு காய்ச்சல் கொசு என்றால் எல்லாம் ஒன்றுதான். பிறகு பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் இறக்கைப் புள்ளியையும் கால் வளையத்தையும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் தனிப்பெயர் வைத்தார்கள். வேலையற்றவர்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் நுளம்பு, இங்கே கொசு. பூச்சி ஒன்று, பெயர் இரண்டு. நான் செய்ததோ, இரண்டு பூச்சிகளை ஒன்றாக நினைத்தது. ஒன்றுக்கு நிழல் வேண்டும், மற்றதற்கு வெயில்.

துரையிடம் ஜாடியைக் காட்டினேன்.

"வெட்டச் சொன்னது நீதானே?"

"கிள்ளான் கொசுவுக்குச் சரி. இது வேறு கொசு. நான் சொன்னது தவறு."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடு."

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். போட்டேன். அவர் பள்ளத்தை வெட்டாமல் விட்டார். வெட்டிய ஓடையில் புழு சாக எண்ணெய் தெளிக்க ஆள் வைத்தார். கடிதம் எங்கள் டாக்டருக்குப் போனது. அவர் திட்டினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனி மாதம் மறுபடி போனேன். லயத்தில் காய்ச்சலில் படுத்திருந்தவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கொசுவலையும் குவினைனும் மறக்காதீர்கள். வண்டியைக் காலை பத்துக்குள் பிடியுங்கள். மாலையில் மழை, பாதை வழுக்கும். வைத்தியமோ நில அளவையோ பார்க்கப் போகிறவர்கள், துரை பங்களாவுக்குப் போவதற்கு முன்னால் லயத்துக்குப் போங்கள். ஓடையில் தினமும் துணி துவைக்கிறவர்களைக் கேளுங்கள். முதல் தடவை நான் கேட்கவில்லை.